யார்கிட்ட கேட்டீக?

கட்டடச் சாமான் வைக்கும் அந்த ஸ்டோரில் இரண்டே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். இன்னொன்று காலியாகக் கிடந்தது. மதுரையிலிருந்து தங்கச்சிமடம் வரை நான்கு மணி நேரம் பஸ்ஸில் பாதி நின்றும் பாதி உட்கார்ந்தும் வந்தவள் நான். காலி நாற்காலியைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

"யார்கிட்ட கேட்டீக?" என்றார்.

முதலாளிதான் அனுப்பினார் என்றேன். லேப்டாப் பையைக் காட்டினேன். போதாதென்று கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் தூக்கிக் காட்டினேன்.

"அதில்ல. அந்தச் சேர்ல உக்கார யார்கிட்ட கேட்டீகன்னேன். அது பூனையோடது."

திரும்பிப் பார்த்தேன். சிமெண்டு மூட்டை அடுக்கின் மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முகத்திலும் அதே கேள்விதான். எலி மூட்டையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை, சம்பளம் இரண்டு வேளை மீன் தலை, உட்கார அந்த நாற்காலி என்று அவர் எனக்கு விளக்கினார். நான் எழுந்தேன். பூனை இறங்கி வந்து உட்கார்ந்தது. எங்கள் கம்பெனியையும் அதன் சாஃப்ட்வேரையும் பற்றி மனப்பாடம் செய்து வைத்திருந்த அறிமுக உரையை நான் நின்றுகொண்டேதான் சொல்லி முடித்தேன். பூனை பாதியில் தூங்கிவிட்டது.

அவரை எல்லாரும் ஸ்டோர் அக்கா என்பார்கள். பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதலாம்தான். ஆனால் அவரிடம் கேட்கவில்லை.

நாற்பத்தைந்து வயது இருக்கும். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். ஸ்டோர் சாவிக்கொத்தில் மாதா சுரூபம் பதித்த சின்னத் தகடு ஒன்று சேர்ந்து தொங்கும். காலையில் ஸ்டோரைத் திறப்பதற்கு முன் சாவியால் தகரக் கதவை மூன்று தடவை தட்டுவார். உள்ளே யாரும் இல்லை. முந்தைய நாள் மாலை பூட்டியதும் அவர்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"உள்ள பாம்பு கெடந்துச்சுன்னா அதுவாப் போயிரும்ல. நாம சொல்லாம உள்ள போனா அதுக்கும் கோவம் வரத்தான செய்யும்."

மனிதர் விஷயத்திலும் அப்படித்தான். ஒரு வேலை என்றால் அதற்குச் சம்மதம் கேட்கவேண்டிய ஆள் யாரோ ஒருவர் இருக்கிறார், அந்த ஆள் ஒருபோதும் இன்ஜினியரின் பட்டியலில் இருப்பதில்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம். யாராவது வேகமாக ஒன்றைச் செய்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றால் இவர் பென்சிலால் தலையைச் சொறிந்துகொண்டு, "யார்கிட்ட கேட்டீக?" என்பார். அதட்ட மாட்டார். டீ குடிச்சீகளா என்று கேட்பதுபோல்தான் கேட்பார். இருந்தாலும் இன்ஜினியர்கள் அவரைக் கண்டால் வேறு பக்கம் சுற்றிப் போனார்கள்.

நான் அங்கே போன காரியத்தைச் சொல்ல வேண்டும். கட்டடக் கம்பெனிகளுக்கான ஒரு சாஃப்ட்வேரை விற்கிற கம்பெனியில் நான் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தேன். ராமநாதபுரத்தைச் சேர்ந்த அந்த முதலாளி அதை வாங்கியிருந்தார். விஷயம் எளிது. ஒரு வேலையைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வரிசையாக வைப்போம். கான்கிரீட் போட வேண்டுமென்றால் இன்ஜினியர் ஒரு பெட்டி, ஸ்டோர் ஒரு பெட்டி, கணக்கர் ஒரு பெட்டி, முதலாளி ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆள், ஒரு போன் நம்பர். அவர் முறை வந்ததும் போனுக்குச் செய்தி போகும். கீழே 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு பட்டன். சரி என்று அழுத்தினால் அடுத்த பெட்டிக்கு நகரும். அழுத்தாவிட்டால் வேலை அங்கேயே நிற்கும்.

எங்கள் விற்பனைக்காரர்களுக்குப் பிடித்த வார்த்தை ஃப்ளெக்ஸிபிள். யார் வேண்டுமானாலும் பெட்டியைச் சேர்க்கலாம், எடுக்கலாம், இடம் மாற்றலாம், அதற்கு எங்களைக் கூப்பிட வேண்டியதில்லை. நானும் அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்வேன். ராமநாதபுரம் ஆபீசில் நான் வகுப்பு எடுத்தபோது இன்ஜினியர்கள் மேஜைக்கடியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கர் கண்ணைத் திறந்தபடியே தூங்கினார். ஸ்டோர் அக்கா மட்டும் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி எழுதிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

என்னை அவர் கடைசிவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். எனக்கு அது பெருமையாக இருந்தது. 'ஒரு சந்தேகம்' என்ற அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் என்ன வரும் என்று அப்போது தெரியாது.

"பெட்டி எத்தன வேணும்னாலும் போடலாமா?"

"போடலாம்க்கா."

"யாரை வேணும்னாலும்?"

"போன் இருந்தா போதும்க்கா."

"கம்பெனி ஆளாத்தான் இருக்கணும்னு இல்லயே?"

அந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். "இல்லவே இல்லக்கா. அதான் ஃப்ளெக்ஸிபிள்" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்றே வாரம். தங்கச்சிமடத்தில் அப்போது மாதா கோயில் பங்கு மக்களுக்காக ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் கான்கிரீட் வரிசையைத் திறந்து பார்த்த எனக்குத் தலை சுற்றியது. நான் நான்கு பெட்டிகளோடு விட்டுவிட்டுப் போன வரிசையில் பதினொன்று இருந்தன. ஒரு பெட்டியின் பெயர் கருவாடு. ஒன்று மணி. இன்னொன்று காத்து.

கருவாடு என்ற பெட்டியில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

"ஆரு?" என்றது ஒரு பெண் குரல். பின்னால் காக்கைச் சத்தம்.

"கான்கிரீட் விஷயமாப் பேசுறேன்."

"இன்னும் காயலயே தாயி. நாளக்கிச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

அவர்தான் அந்தோணியம்மா. மண்டபத்துக்கு ரோட்டிலிருந்து போவது ஒரு மணல் பாதை. அந்தப் பாதை நெடுக வலையை விரித்து நெத்திலி மீனும் காரலும் காயப்போடுவது அவரும் இன்னும் இருபது பெண்களும். கட்டட வேலை தொடங்கிய புதிதில் சொல்லாமல் கொள்ளாமல் கான்கிரீட் லாரி வந்து, பாதி கருவாட்டின் மேல் ஏறிவிட்டது. பெண்கள் லாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பஞ்சாயத்து முடிவதற்குள் லாரி உருளைக்குள் கான்கிரீட் இறுகிக் கல்லாகிவிட்டது. பிறகு இரண்டு பேர் உருளைக்குள் இறங்கி உளியும் சுத்தியலுமாக நாலு நாள் செதுக்கினார்களாம். அதிலிருந்து லாரி வருவதற்கு முந்தைய நாளே அக்கா போய்ச் சொல்வார், பெண்கள் அள்ளி ஒதுக்கிவிடுவார்கள். இது இத்தனை நாளும் வாய்ப்பேச்சாக நடந்தது. இப்போது பெட்டிக்குள் வந்துவிட்டது.

மணி என்பது கோயில்பிள்ளை. கோயில் மணியடிக்கிறவர். ஊரில் சாவு விழுந்தால் முதலில் தெரிவது அவருக்கு. அன்றைக்குக் கடலுக்குப் படகும் போகாது, வேலைக்குக் கொத்தனாரும் வரமாட்டார். அவரிடம் கேட்காமல் லாரியை வரவழைத்தால் கான்கிரீட்டை யார் கொட்டுவது? அவருடைய போன் வேட்டி மடிப்பில் இருக்கும். மத்தியான மணியடித்து முடித்த கையோடு எல்லாச் செய்திக்கும் ஒன்றாகச் சரி அழுத்துவார்.

காத்து என்பது அக்காவின் கணவர். மழைக்காற்று எப்போது திரும்பும் என்பதை டிவியை விட அவர் சரியாகச் சொல்வார் என்பது அக்காவின் கட்சி. சொல்வார்தான். ஆனால் ஒருநாள் செய்தி போனபோது மனிதர் நடுக்கடலில் இருந்தார். போனில் சிக்னல் இல்லை. கம்பி கட்டி முடித்து, பலகை அடைத்து, பதினெட்டு ஆட்கள் கரண்டியும் கையுமாக ஒரு பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி ராமநாதபுரத்திலிருந்து போனில் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"காத்தப் பத்திக் காத்துல நிக்கிறவுககிட்டத்தான கேக்கணும் மொதலாளி" என்றார் அக்கா. அன்று சாயங்காலம் பேய்மழை பெய்தது. கான்கிரீட் போட்டிருந்தால் கரைந்து ஓடியிருக்கும். அதை அவர் ஒருதரம்கூடச் சொல்லிக்காட்டவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டே டீயை ஆற்றினார், அவ்வளவுதான். முதலாளிக்கு அதுதான் கூடுதலாக எரிந்தது.

இதற்கிடையில் என் போனுக்கும் தினம் காலையில் ஒரு செய்தி வரும். இத்தனை மூட்டை சிமெண்டு வெளியே போகலாமா, சரி, வேண்டாம் என்று. சாஃப்ட்வேரை அமைத்தவள் நான்தானே, ஏதோ சோதனைச் செய்தி என் நம்பருக்கு வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹோட்டலில் இட்லியைப் பிட்டுக்கொண்டே இடது கட்டைவிரலால் சரி என்று தட்டிவிடுவேன். ஒரு நாளும் முழுசாகப் படித்ததில்லை.

மூன்றாவது மாதம் முதலாளி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கமுதிப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம், பேச்சில் ஒரு பதமிருக்கும். ஆனால் அவருக்கு ஒன்று ஆகாது. தன்னுடைய கம்பெனியில் தன்னைப் பார்த்து ஒருவர் யார்கிட்ட கேட்டீக என்று கேட்பது.

"ஏம்மா, மூட்டை வாரதும் போறதும் எல்லாம் போன்லயே தெரியுதுல்ல?"

"தெரியும் சார்."

"அப்ப ஸ்டோருக்குன்னு தனியா ஆள் எதுக்கு?"

அக்கா வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். படகு கைவிட்டுப் போன பிறகு கணவர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார். மகள் மதுரையில் நர்ஸிங் படிக்கிறாள். மாதம் தவறாமல் அந்த வீட்டுக்கு வருவது இவர் சம்பளம் ஒன்றுதான். இன்னொன்றும் எனக்குத் தெரியும். சாஃப்ட்வேர் நன்றாக ஓடுகிறது என்று முதலாளி கடிதம் கொடுத்தால்தான் என் வேலை நிரந்தரமாகும். இரண்டையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு ஏலாதும்மா. பத்து வருஷமா இருக்கு. வியாழன் வெள்ளி லீவு கேட்டுருக்கு, மகளப் பாக்க மதுரைக்குப் போகுதாம். அந்தச் சமயத்துல எப்படியாவது முடிச்சிரணும்."

அப்போது நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கவே கூடாது. "அதுக்கும் நம்ம சாஃப்ட்வேர்ல ஒரு வரிசை இருக்கு சார். ஆள் விடுவிப்புன்னு. நீங்க ஒரு பட்டன் அழுத்துனா போதும், மத்ததெல்லாம் அதுவாப் போயிரும்" என்றேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற இந்தப் புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அவர் முகம் அப்படியே தெளிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்து அவர் பட்டனை அழுத்தினார். அன்றைக்கே மண்டபத்தின் கூரைக்குக் கான்கிரீட். அதன் வரிசை இன்னும் கருவாட்டுப் பெட்டியிலேயே நின்றுகொண்டிருந்தது. "பெட்டியாவது மண்ணாவது" என்று சொல்லி முதலாளி லாரிக்குத் தானே போன் செய்துவிட்டார். நான் வழக்கம்போல் இட்லி சாப்பிட்டு, வழக்கம்போல் வந்த செய்திக்கு வழக்கம்போல் சரி தட்டிவிட்டு, பத்தரை மணிக்கு முதலாளியின் காரில் தங்கச்சிமடத்துக்குக் கிளம்பினேன். கடல் பாலத்தில் போகும்போது காற்று நன்றாக இருந்தது. கடிதத்தை எப்போது கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

நாங்கள் போய் இறங்கியபோது லாரி ரோட்டோரத்தில் நின்றது. உருளை சுற்றிக்கொண்டிருந்தது. மணல் பாதையில் ரோட்டு முனையிலிருந்து மண்டப வாசல் வரை கருவாடு. வழக்கமாக ஓரத்தில் ஒரு ஆள் நடக்க இடம் விடுவார்கள். அன்றைக்கு அதுவும் இல்லை. நடுவில் ஒரு குடையை நட்டு, அதன் நிழலில் அந்தோணியம்மா உட்கார்ந்திருந்தார். கையில் போன்.

"ஆத்தா, லாரி நிக்கிதுல்ல. அள்ளச் சொல்லுங்க" என்றார் முதலாளி.

"அள்ளலாம் மொதலாளி. நீங்கதான போன்ல கேட்டுருக்கீக."

"ஆமா, நேத்தே கேட்டாச்சே."

"ரெண்டு கேள்வில்ல வந்துருக்கு. கருவாட்ட அள்ளலாமான்னு நேத்து ஒன்னு. ஸ்டோர்க்காரிய வேலைய விட்டு எடுக்கலாமான்னு காலையில ஒன்னு. எம்புட்டு யோசிக்கணும். ரெண்டுக்கும் சேத்துச் சொல்லிக்கிறேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் லாரியைப் பார்த்தேன். அவருக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது, எனக்கு அரை நிமிடம். ஆள் விடுவிப்பு வரிசையிலும் அக்கா பெட்டி போட்டிருக்கிறார். பெரிய வேலைகளின் வரிசைகளை மட்டும்தான் நான் சரிபார்த்திருந்தேன். யாரும் எப்போதும் தொடமாட்டார்கள் என்று நினைத்து இதைத் திறந்தே பார்க்கவில்லை.

டிரைவர் இறங்கி வந்தார். "மொதலாளி, இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். அப்புறம் போன வருசம் மாதிரித்தான்." போன வருடம் உருளைக்குள் செதுக்கிய இருவரில் ஒருவர் அங்கேயே நின்றிருந்தார். அவர் சத்தமில்லாமல் நாலு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

முதலாளி அதட்டிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். இருபது பெண்களும் கருவாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அரை மணி நேரம் இப்படிப் போனது. அப்போதுதான் மதுரை பஸ் வந்து நின்று, ஸ்டோர் அக்கா இறங்கினார். கையில் காலி டிபன் கேரியர். அந்தோணியம்மாதான் காலையில் செய்தி வந்ததுமே போன் போட்டு வரவழைத்திருந்தார். நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. லாரியையும் கருவாட்டையும் முதலாளியையும் என்னையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்தார். என்னிடம் அந்தப் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. பிறகு நேரே குடைக்குப் போனார்.

"அந்தோணியம்மா, லாரி வந்துருக்கு. அள்ளலாமா?"

"அள்ளலாம். நீ இருக்கியா, போறியா?"

அக்கா திரும்பினார். குரலில் ஒரு வருத்தமோ கோபமோ இல்லை. ஒரு மூட்டைக் கணக்கைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"மொதலாளி, இவ கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்?"

உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. முதலாளி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு தன் போனை என்னிடம் நீட்டி, தணிந்த குரலில், "இத எப்படிம்மா திரும்ப எடுக்கிறது?" என்றார். நான் இடத்தைக் காட்டினேன். அழுத்தினார். அந்தோணியம்மாவின் போன் ஒருதரம் சிணுங்கியது. அவர் கையை நீட்டி, எட்டப் பிடித்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். எல்லாரும் காத்திருந்தோம்.

"ஏய், அள்ளுங்கடி" என்றார்.

பத்தே நிமிடத்தில் பாதை துடைத்து வைத்தாற்போல் ஆனது. கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே கூரைக்கு ஏறியது. அந்த மண்டபத்தில் இப்போது கல்யாணங்கள் நடக்கின்றன.

சாயங்காலம் ஸ்டோரில் எல்லாருக்கும் டீ. முதலாளிக்கு அக்கா தன் நாற்காலியைக் கொடுத்தார். இன்னொன்றில் பூனை. முதலாளிக்குத் தோற்றதில் இருந்த கோபம் போய், எப்படித் தோற்றோம் என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்திருந்தது. அந்த ஆள் விடுவிப்பு வரிசையைக் காட்டு என்றார். லேப்டாப்பைத் திறந்தேன். கருவாடு, மணி, காத்து எல்லாம் இருந்தன. ஆனால் முதலாளிக்கு அடுத்த முதல் பெட்டி அவை எதுவும் இல்லை. அதன் பெயர் பூனை. அதற்குப் பக்கத்தில் 'சரி' என்றும், காலை ஏழு நாற்பத்திரண்டு என்றும் இருந்தது.

"பாரும்மா, பூனை சரின்னு சொல்லிருச்சு" என்று முதலாளி சிரித்தார். "யாரு இந்தப் பூனை?"

நம்பரைப் பார்த்தேன். என் நம்பர்.

மூன்று மாதமாக இட்லிக்கு நடுவே நான் தட்டிவிட்ட ஒவ்வொரு சரியும் வெறும் சோதனையில்லை, நிஜமான சிமெண்டு மூட்டைகள். இன்று காலையில் தட்டியது மூட்டையும் இல்லை. டீ கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"டீச்சர், ஒரு சந்தேகம்" என்றார் அக்கா.

நான் நிமிரவில்லை.

"பூனை சரின்னு சொல்லியிருக்கே, அது யார்கிட்ட கேட்டுச்சு?"

"படிக்காம அழுத்திட்டேன்க்கா."

"ம். பூனைக்குப் படிக்கத் தெரியாதுல்ல" என்று சொல்லிவிட்டு, காலி கிளாஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. நான் அழுத்தியதால்தானே செய்தி அந்தோணியம்மாவுக்குப் போனது, அதனால்தானே வேலை தப்பியது என்று அன்று ராத்திரி எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஒரு ஆளின் சோற்றில் கை வைக்கிற கேள்வியை, சட்னியைப் பார்த்துக்கொண்டே நான் சரி என்று தள்ளியிருக்கிறேன். அந்த வெட்கம் எனக்கு இன்றும் உண்டு.

மறுநாள் அவரிடம் போய், அந்தப் பட்டனை முதலாளிக்குக் காட்டிக்கொடுத்ததும் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். மொதலாளிக்கு அம்புட்டு வெவரம் பத்தாது" என்றார்.

"ஏன்க்கா என்னைப் பூனையாப் போட்டீங்க?"

"மொத நாளே அது சேர்ல உக்காந்தீகள்ல. அப்பறம் அதுகிட்டக் கேட்டேன். சரிதான்னுச்சு."

"அந்த ஆள் எடுக்குற வரிசையில வேணும்னேதான பெட்டி போட்டீங்க?"

"எல்லா வரிசையிலயும்தான் போட்டேன். எது எதுக்குன்னு எனக்கென்ன தெரியும், நீங்கதான டீச்சர்" என்றார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு கோயிலில் பாவத்தை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனமே செய்யலாம். பங்குச் சாமியார் நம்பிவிடுவார். நான் இன்றுவரை நம்பவில்லை.

என் கடிதம் வந்தது. ஆனால் சுலபமாக வரவில்லை. முதலாளி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது அக்கா ஒரு சந்தேகம் கேட்டார். அவர் பேனாவை மூடிவிட்டு, அதையும் ஒரு வரிசையாகப் போடச் சொன்னார். சாஃப்ட்வேர் நன்றாக ஓடுகிறதா என்ற கேள்வி பதினொரு பெட்டிகள் வழியாகப் போனது. கோயில்பிள்ளை மத்தியான மணிக்கு அழுத்தினார். காத்து கரைக்கு வந்த பிறகு அழுத்தியது. அந்தோணியம்மா என்னை நேரில் வரச்சொல்லி, அரைக் கிலோ நெத்திலியை என் தலையில் கட்டிவிட்டு அழுத்தினார். வேலை நிரந்தரமாகப் பதினேழு நாள் ஆனது.

இப்போது நான் வேறு கம்பெனியில், வேறு ஊரில் இருக்கிறேன். காலையில் சிமெண்டுச் செய்தி மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. சட்டப்படி பார்த்தால் எனக்கும் அந்த மூட்டைகளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் இப்போது முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கிறேன். எந்த இடத்துக்கு, எத்தனை மூட்டை, எதற்கு. சில நாள் சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்பேன். பூனைக்கு இப்பத்தான் கண்ணு தெரியுது என்பார்.

போன வாரம் வந்த செய்தி வேறு மாதிரி இருந்தது. என்னைப்போலவே ஒரு பெண் புதிதாக அங்கே பயிற்சிக்கு வந்திருக்கிறாள். வரிசைகளைச் சுத்தம் செய்கிறாள் போலிருக்கிறது. 'பூனை என்ற பெட்டியை எடுக்கலாமா?' சரி, வேண்டாம். பெட்டியை எடுக்கிற வரிசையிலும் அக்கா பெட்டி போட்டிருக்கிறார். பூனையை எடுக்க வேண்டுமென்றால் பூனையிடமும் கேட்டாக வேண்டும்.

இட்லியைக் கீழே வைத்தேன். மூன்று தடவை படித்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து, வேண்டாம் என்று அழுத்தினேன்.

இரண்டு நிமிடத்தில் போன் வந்தது. "டீச்சர், வேண்டாம்னு அழுத்தியிருக்கீக. யார்கிட்ட கேட்டீக?"

"யார்கிட்டயும் கேக்கலக்கா. இப்பக் கேக்குறேன். இருக்கவா?"

அந்தப் பக்கம் சாவிக்கொத்து குலுங்கியது. தகரக் கதவில் மூன்று தட்டு விழுந்தது. கதவு திறக்கிற சத்தம். உள்ளே எட்டிப் பார்த்திருப்பார்.

"சேர் காலியாத்தான் கெடக்கு" என்றார்.